வாசகர் கேள்வி – பதில்: பளுதூக்கும் பெல்ட்டை எப்போது கட்டத் தொடங்கலாம்?

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தின் உரக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். வயது 22, எடை 62 கிலோ. சில மாதங்களாக நகரத்து ஜிம்முக்குப் போய்வருகிறேன். ஸ்குவாட்டில் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது) 50 கிலோவும் டெட்லிஃப்டில் (நிலத்திலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) 70 கிலோவும் தூக்குகிறேன். பெல்ட் இல்லாமல் தூக்கினால் முதுகு போய்விடும் என்று சிலரும், பெல்ட் கட்டினால் வயிற்றுத் தசை பலவீனமாகிவிடும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இப்போதே ஒன்று வாங்கட்டுமா? வேலையில் மூட்டை தூக்கும்போதும் அதைக் கட்டிக்கொள்ளலாமா?
– ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நினைப்பதால்தான் இந்த இரண்டு பேச்சுகளும் எழுகின்றன. ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி வயிற்றை இறுக்கும்போது, மேலே பிரிமென்றகடும் (நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசை) கீழே இடுப்புத்தளத் தசைகளும் சுற்றிலும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து வயிற்றறைக்குள் அமுக்கத்தை உயர்த்துகின்றன. பாரத்தின் கீழ் உடல் மடங்காதபடி உறுதி தருவதில் அந்த அமுக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வயிற்றுத் தசைகள் எதிர்த்துத் தள்ளுவதற்கு ஒரு சுவர்போல நின்று, பெல்ட் அந்த அமுக்கத்தை இன்னும் கூட்ட உதவுகிறது. தள்ளத் தெரியாதவருக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. தள்ளத் தெரிந்தவரின் தசையோ பெல்ட் கட்டியபோதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதால், வயிறு பலவீனமாகிவிடுமே என்று அவர் அஞ்சத் தேவையில்லை.

எனவே முதலில் பழகவேண்டியது மூச்சு. மல்லாந்து படுத்து, விலாவுக்குக் கீழே இருபக்கமும் விரல்களை வைத்து, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு மட்டும் உயராமல் விரல்களும் வெளியே தள்ளப்படுகின்றனவா என்று பாருங்கள். அது கைவந்ததும் நின்றுகொண்டும், பின்னர் எடைத்தட்டு மாட்டாத வெறும் 20 கிலோ பாரை (இரும்புத் தண்டை) தோளில் வைத்துக்கொண்டும் செய்யுங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன்.

எத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல நான் விரும்பவில்லை. உடலெடைக்குச் சமமான பாரத்தை ஸ்குவாட்டிலும், அதன் ஒன்றரை மடங்கை டெட்லிஃப்டிலும், ஐந்தாவது தடவையும் முதல் தடவையைப் போலவே முதுகு அசையாமல் நிற்கும்படி ஐந்து முறை தூக்க முடிந்தால் பெல்ட்டைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் கணக்கில் அவை ஏறக்குறைய 62 கிலோவும் 93 கிலோவும் ஆகும். இது பயிற்சியளிப்போர் கைக்கொள்ளும் ஓர் அளவுகோல் மட்டுமே. போட்டிக்குப் போகும் எண்ணமில்லாதவர் பெல்ட்டே இல்லாமலும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்யலாம். கட்டத் தொடங்கிய பிறகும் அன்றைய நாளின் மிகக் கனமான செட்டுகளுக்கு (தொடர்ந்து தூக்கும் சுற்றுகளுக்கு) மட்டும் கட்டி, இடையில் தளர்த்திவிடுங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒரு விரல் நுழையுமளவு இறுக்கினால் போதும்.

வாங்கும் நாளில், பின்புறம் அகன்றும் முன்புறம் ஒடுங்கியும் இருப்பதைத் தவிர்த்து, சுற்றிலும் ஒரே அகலமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வயிறு முன்பக்கமும்தானே தள்ளுகிறது. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் பளுதூக்கும் போட்டிகளில் 10 சென்ரிமீற்றர் அகலமும் 13 மில்லிமீற்றர் தடிப்பும் வரை அனுமதிக்கிறது. தொடக்கத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்பே தாராளம். நம் மலைநாட்டு ஈரத்தில் தோல் பெல்ட்டில் பூஞ்சணம் பிடிக்குமாதலால், பைக்குள் சுருட்டி வைக்காமல் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள்.

மூட்டை விடயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம், ஆரோக்கியமான தொழிலாளர்கள் முதுகுக் காயத்தைத் தவிர்ப்பதற்காக பெல்ட் அணிவதை 1994ஆம் ஆண்டிலேயே பரிந்துரைக்க மறுத்தது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 160 கடைகளின் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், வேலைத்தள பெல்ட் அணிந்தவர்களிடையே முதுகுக் காயமோ வலியோ குறைந்ததாகத் தெரியவில்லை. அதே நிறுவனத்தின் கணக்கீட்டு முறைப்படி, எல்லாம் வசதியாக அமைந்த இடத்தில்கூட ஒருவர் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 23 கிலோ. நீங்கள் தூக்கும் உரமூட்டையோ 50 கிலோ. ஜிம்மில் நிலம் சமதளம், பாரம் இருபுறமும் சமம். களஞ்சியத்திலும் சரிவான படியிலும் அப்படியில்லை. அங்கே இருவராகத் தூக்குவதும், தள்ளுவண்டி கேட்பதும், மூட்டைகளை இடுப்பு மட்டத்தில் அடுக்கிவைப்பதுமே உங்கள் முதுகைக் காக்கும். பகல் முழுவதும் மூட்டை சுமந்த மாலையில் டெட்லிஃப்டைக் குறைத்துக்கொள்வதிலும் வெட்கமில்லை.

மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் சிறிது நேரம் வெகுவாக ஏறுமாதலால், உயர் இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். கால்வரை இறங்கும் வலியோ மரமரப்போ இருந்தால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சமாளிக்க முயலாதீர்கள்.

கேள்வி: ஜிம்மில் உள்ள 10 சென்ரிமீற்றர் பெல்ட் என் விலாவிலும் இடுப்பெலும்பிலும் குத்தித் தழும்பு விடுகிறது. பெண்களுக்கு பெல்ட் பொருந்தாதா?
– பண்டாரவளை வாசகி

பதில்: நன்றாகப் பொருந்தும், சகோதரி. விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைவெளி குறைந்தவர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், 10 சென்ரிமீற்றர் அகலம் இடிக்கத்தான் செய்யும். 7.5 சென்ரிமீற்றர் அகலமுள்ளதோ, வளைந்துகொடுக்கும் நைலோன் பெல்ட்டோ தேடுங்கள். அதுவரை டெட்லிஃப்டுக்கு மட்டும் ஜிம் பெல்ட்டைச் சற்று மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களிலும் வைத்தியரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.