கறுப்பினப் பெண் ஒருவர் பதறாத மிடுக்கையும் தன்னம்பிக்கையையும் எப்படி வளர்த்துக்கொள்கிறார்?

அமெரிக்காவில் வளரும் உங்கள் பேத்தியின் தாய் கறுப்பினத்தவர் என்றும், 12 வயதாகும் அந்தப் பெண் வீட்டில் கலகலவென்று பேசினாலும் பள்ளியில் வாய் திறக்கவே தயங்குகிறாள் என்றும், இங்கிருந்துகொண்டு அவளுக்கு நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கறுப்பினப் பெண் அல்லள். ஆனால் மேரிலாந்தில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் 11 ஆண்டுகள் ஒரு கறுப்பினப் பெண்மணியின் கீழ் வேலை பார்த்தேன். அவரிடம் கண்டதையும், அவரால் தூண்டப்பட்டுத் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

முதலில், மிடுக்கு என்பது பிறவியிலேயே வருவது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1960-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்த கடைகளில் மாணவர்கள் போய் அமர்ந்து போராடினார்கள். அதற்கு முன்பாக, இந்தியாவில் மூன்று ஆண்டுகள் தங்கிக் காந்திய வழியைப் பயின்று திரும்பியிருந்த ஜேம்ஸ் லாசன் ஒரு தேவாலயத்தில் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாணவர்களில் சிலர் வசைபாடுபவர்களாக நடித்துத் திட்டுவார்கள், தள்ளுவார்கள். மற்றவர்கள் அசையாமல் அமர்ந்திருக்கப் பழகுவார்கள். கையில் எடுத்துச் சென்ற விதிகளில் ஒன்று, நிமிர்ந்து உட்கார வேண்டும், எப்போதும் உணவு மேடையை நோக்கியே இருக்க வேண்டும் என்பது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய டயான் நாஷுக்கு அப்போது 21 வயது. மறியல் நடக்கவிருந்த நாள்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பயத்தில் உள்ளங்கை வியர்த்துக் கொட்டியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதே பெண்தான் 1960 ஏப்ரல் 19 அன்று, ஆயிரக்கணக்கானோர் சூழ நின்ற நீதிமன்றப் படிகளில், இன அடிப்படையில் ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் கருதுகிறீர்களா என்று நகர மேயரிடம் நேருக்கு நேர் கேட்டு, தவறுதான் என்ற பதிலையும் பெற்றார். மூன்று வாரங்களில் நகரின் சில கடைகளில் கறுப்பினத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கினார்கள். பயம் போன பிறகு அவர் பேசவில்லை. வியர்த்த கையோடுதான் பேசினார் என்று நான் நம்புகிறேன்.

என் மேலாளரிடமும் இதையே வேறு உருவில் கண்டேன். காலாண்டுக் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே காலியான அறைக்குள் என்னை அழைத்துச் செல்வார். தாம் சொல்லப் போகும் முதல் மூன்று வாக்கியங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். நான் நடுவில் குறுக்கிட வேண்டும், அதுவும் மரியாதையில்லாமல் குறுக்கிட வேண்டும். பிறகு உண்மையான கூட்டத்தில் மூத்த மருத்துவர் ஒருவர் வழக்கம்போல அவர் பேச்சை வெட்டினால், பேனாவைத் தாளின் மீது படுக்க வைத்துவிட்டு, அந்த மனிதர் முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்திருப்பார். பின்னர் பெயர் சொல்லி நன்றி கூறி, விட்ட வாக்கியத்தின் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். அந்தப் பேனா கீழே இறங்கும் ஓசையற்ற கணத்தில் அறையே அடங்கிப்போகும்.

குரலைச் சற்று உயர்த்தினாலும் கறுப்பினப் பெண்ணைக் கோபக்காரி என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். 2008 தேர்தல் பிரசாரத்தின்போது மிஷேல் ஒபாமாவுக்கே அது நேர்ந்தது. ஆகவே கறுப்பினப் பெண்களுடைய நிதானத்தில் ஒரு பகுதி அநியாயமாகச் சுமத்தப்பட்ட வரி என்பதை உங்கள் பேத்தியிடம் மறைக்க வேண்டாம். எதற்கும் கலங்காதவளாக இரு என்று மட்டும் சொல்லி வளர்ப்பது அவளுக்குத் தீங்கு. 1957 செப்டம்பர் 4 அன்று அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த லிட்டில் ராக் நகர உயர்நிலைப் பள்ளிக்குத் தனியாக நடந்து சென்ற எலிசபெத் எக்ஃபோர்டுக்கு வயது 15. அங்கே முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஒன்பது கறுப்பின மாணவர்களில் அவர் ஒருவர். மற்ற எட்டு மாணவர்களும் சேர்ந்து போவதாக முடிவான செய்தி, வீட்டில் தொலைபேசி இல்லாததால் அவரை எட்டவில்லை. தாமே தைத்த வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, வசை பாடும் கூட்டம் பின்தொடர அவர் நடந்த புகைப்படத்தை உலகம் மிடுக்கின் அடையாளமாகக் கொண்டாடியது. ஆனால் அந்த நாளும் அதற்குப் பிந்தைய பள்ளி ஆண்டும் தந்த மனக்காயத்தோடு அவர் பல பத்தாண்டுகள் போராடினார். உங்கள் பேத்திக்கு அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று மேலாளரிடம் ஒருமுறை கேட்டேன். ஈஸ்டர் உரை என்றார். பல கறுப்பினத் தேவாலயங்களில் ஈஸ்டர் ஞாயிறன்று நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள்கூடச் சபைக்கு முன்னால் நின்று இரண்டு வரியாவது மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அவருடைய தேவாலயத்தில், குழந்தை வரியை மறந்து விழித்தால் யாரும் எடுத்துக் கொடுக்கவோ சிரிக்கவோ மாட்டார்கள். பின்வரிசை மூதாட்டிகள், "மெதுவாச் சொல்லுடா கண்ணு, அவசரமில்லை" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். அவர் ஆறு வயதில் இரண்டாம் வரியை மறந்து நின்றபோது சபை முழுவதும் காத்திருந்ததை என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் கலங்கின. எனக்குத் தெரிந்தவரை தன்னம்பிக்கை விளையும் நிலம் அதுதான்: தான் தடுமாறும்போது தன்னை விரும்புகிறவர்கள் பொறுமையாகக் காத்திருந்ததைக் கண்ட குழந்தை, பிறகு அந்நியர்களையும் காத்திருக்க வைக்கும்.

தலைமுடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பினத் தாய்மார் பலர் ஞாயிறு மாலையில் மகளைக் கால்களுக்கிடையே அமர்த்தி, உச்சியில் எண்ணெய் தடவி, மணிக்கணக்கில் சிறு சிறு பின்னல்களாகப் பின்னுகிறார்கள். அந்தப் பின்னல்களைக் காரணம் காட்டிப் பள்ளியும் அலுவலகமும் ஒதுக்கக் கூடாது என்று 2019-இல் கலிஃபோர்னியா முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு மேரிலாந்தும் இயற்றியது. கறுப்பினப் பெண் நீதிபதியான கேடான்ஜி பிரவுன் ஜாக்சன் 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமன விசாரணையில் தம் இயல்பான முடியோடு அமர்ந்து, கடுமையான கேள்விகளுக்கு நிதானித்துப் பதில் சொன்ன காணொளிகளைப் பேத்தியுடன் சேர்ந்து பாருங்கள். நம் உறவினர் யாராவது அவள் நிறத்தையோ முடியையோ குறைத்து ஒரு வார்த்தை சொன்னால், அவள் காதுபட அங்கேயே மறுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இது நடக்கும் என்பதை நீங்களும் அறிவீர்கள்.

வாரம் ஒருமுறை காணொளியில் பேசுவதாகச் சொல்கிறீர்கள். மறுநாள் வகுப்பில் அவள் கேட்க நினைக்கும் ஒரே ஒரு கேள்வியை உங்களிடம் எழுந்து நின்று கேட்கச் சொல்லுங்கள். அவள் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும், நடுவில் திணறினால் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளே முடிக்கட்டும்; அதுவரை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள்.