பைக்கை விட்டு ஸ்கூட்டருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

650 சிசி பைக் ஓட்டுகிறேன். நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வலி. முதுகும் சரியில்லை. ஸ்கூட்டருக்கு மாறினால் இரண்டும் தீருமா?

கிளட்சால் வந்த மணிக்கட்டு வலி குறையும், பிடிக்கவே கிளட்ச் இல்லையே. 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தள்ளித் திருப்பி நிறுத்தும் பாடும் பாதியாகிவிடும். 110 சிசி ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 105 முதல் 110 கிலோதான்.

முதுகு விஷயத்தில் அப்படி உறுதி தர மாட்டேன். பைக்கில் கால் உடம்புக்குக் கீழே இருக்கிறது. பள்ளம் வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். ஸ்கூட்டரில் கால் முன்னால் இருப்பதால் முழு எடையும் சீட்டில்தான் இறங்கும். போதாததற்குப் பெட்ரோல் ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடுகிறது. அந்தக் கனத்தை ஷாக் அப்சார்பர் அடக்கி முடிப்பதற்குள் அடி இடுப்புக்கு வந்துவிடுகிறது. நீங்கள் தினமும் போகும் வழியிலேயே ஒரு ஸ்கூட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது முதுகு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

110 சிசியா, 125 சிசியா?

தனியாகப் போகிறவருக்கு 110. பின்னால் ஆள் உட்கார்வார், மேடு ஏற வேண்டும் என்றால் 125.

எந்த நிறம் அழுக்குத் தெரியாமல் இருக்கும்?

சாம்பல். ஆனால் நிறத்துக்கு முன் சக்கர அளவைப் பாருங்கள். உங்கள் பைக்கில் 17 அல்லது 18 அங்குலச் சக்கரம் இருந்திருக்கும், ஸ்கூட்டரில் 10 அல்லது 12 அங்குலம்தான். பைக் தாண்டிப் போன பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி ஏறும். மோசமான சாலை என்றால் முன்சக்கரமாவது 12 அங்குலம் இருக்கட்டும். 14, 16 அங்குலச் சக்கரத்திலும் ஸ்கூட்டர்கள் இருக்கின்றன, கிடைத்தால் அவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்கூட்டர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. நிறுத்தும்போதெல்லாம் வண்டி வெட்டுகிறது. மழையில் ஒருமுறை பின்சக்கரம் சறுக்கிவிட்டது. பிரேக்கில் கோளாறா?

உங்களுக்கு அடி எதுவும் படவில்லையே? அதுவே பெரிய நிம்மதி.

பிரேக்கை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அங்கே குறை இல்லையென்றால் கோளாறு இடது கையின் பழக்கத்தில். இத்தனை வருடம் வண்டியை நிறுத்துவதற்கு முன் இடது கை கிளட்சை முழுதாக அழுத்தி வந்திருக்கிறது. இப்போது அதே இடத்தில் இருப்பது பின் பிரேக். கை பழைய வேகத்தில் அழுத்தினால் பின்சக்கரம் அப்படியே நின்று இழுபடும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வகை என்றால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வலது கால் வேறு, இல்லாத பிரேக் பெடலைத் தேடிக்கொண்டிருக்கும்.

காலி மைதானத்துக்குப் போங்கள். முதலில் வலது கையால் முன் பிரேக்கை மெதுவாக அழுத்தத் தொடங்கி, உடனே இடது கையைச் சேருங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் போதும். கை தானாகப் பழகும்வரை இதைச் செய்யுங்கள். இன்னொன்று: ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி கிடையாது. இறக்கத்தில் பெரும்பாலும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். விற்பவர்தான் இந்த இரண்டையும் பைக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் யாரும் சொல்வதில்லை.

மீட்டரில் 8,000 கி.மீ. காட்டிய பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். ஒரே மாதத்தில் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. விற்ற கடைக்காரர் "நீங்கள் ஓட்டிய விதம் அப்படி" என்கிறார்.

உங்கள் மேல் தப்பே இல்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த பெல்ட்தான்; நன்றாக இருக்கும் பெல்ட் 8,000 கிலோமீட்டரில் சாதாரணமாக அறுந்துபோகாது. பல ஸ்கூட்டர்களின் கையேட்டில் பெல்ட்டை மாற்றச் சொல்வதே 20,000 கிலோமீட்டரை ஒட்டித்தான். மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அல்லது எண்ணெய் கசிந்து பெல்ட் ஊறியிருக்கலாம். இரண்டுமே உங்கள் கையில் இருந்த விஷயமல்ல.

அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பெல்ட் ஓடும் கப்பிக்குள் இருக்கும் சிறு உருளைகளை, அதாவது ரோலர்களை, கழற்றியிருந்தால் அவற்றையும் வாங்கி வையுங்கள். ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்த ரோலர், வண்டி எவ்வளவு ஓடியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பில், விளம்பரத்தின் படம், மெக்கானிக் கடிதம் மூன்றையும் இணைத்துத் தேதி போட்டுக் கடைக்காரருக்கு எழுதுங்கள். வாயால் பேசியதெல்லாம் போதும். பதில் வராவிட்டால் அதே கட்டோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம்.

நானும் இப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். புது மிதியடி, புது சீட் கவர், பளபளவென்று பாலிஷ். அந்த மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோது கீழே பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. மீட்டர் காட்டியதைப் போல மூன்று மடங்காவது ஓடியிருக்கும் என்றார் மெக்கானிக். விற்றவர் அதன்பின் போனை எடுக்கவில்லை. அன்றுமுதல் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் குனிந்து டயரைத்தான் பார்க்கிறேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். வண்டிக்கு மூன்று வயது, மீட்டரில் 8,000, டயர் மட்டும் போன வருடத்தது என்றால் பழைய டயர் எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

முன்பணம் முழுதும் கட்டிவிட்டேன். டெலிவரி நாளில் உட்கார்ந்து பார்த்தால் திருப்பும்போது ஹேண்டில் முழங்காலில் இடிக்கிறது. என் உயரம் ஆறடி. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேளுங்கள். தருவார்களா என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. அதைப் படித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆறடி ஆள் உட்கார்ந்துகூடப் பார்க்காமல் எப்படிப் பணம் கட்டினீர்கள்?

இதில் விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. டெஸ்ட் ரைடு கேட்டால் ஷோரூம் வாசலிலிருந்து தெருமுனை வரை, தார் ஊற்றிய நேர்ச்சாலையில், பின்னால் ஊழியர் உட்கார்ந்திருக்க ஒரு சுற்று. அதில் எதுவுமே தெரியாது. பைக்கிலிருந்து மாறுகிறவருக்கு எல்லாமே புதிது. தொடையால் இறுக்கிக்கொள்ள டேங்க் இல்லை. எடை பின்னால் இருப்பதால் ஹேண்டில் லேசாக இருக்கும். நடக்கும் வேகத்தில் யூ டர்ன் அடிக்க வேண்டும், முழங்கால் அங்கேதான் இடிக்கும். வேகத்தடை ஏறி இறங்க வேண்டும். வீட்டில் யார் பின்னால் உட்காருவாரோ அவரையே ஏற்றிப் போக வேண்டும். உங்கள் ஹெல்மெட்டை டிக்கியில் வைத்து மூடிப் பார்க்க வேண்டும். முழு முகம் மூடும் ஹெல்மெட் பல டிக்கிகளில் நுழையாது. சென்டர் ஸ்டாண்டை நீங்களே போட்டு எடுக்க வேண்டும். இத்தனைக்கும் சம்மதிக்காத கடையில் வருடக்கணக்கில் ஓட்டப்போகும் வண்டியை ஏன் வாங்க வேண்டும்? "வண்டி எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரிடம் பணம் கொடுக்காமல் வெளியே வாருங்கள்.

பெரிய பைக்கை விட்டு ஸ்கூட்டரா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியாளர். செயினும் அதன் கிரீஸும் உடுப்பில் படக்கூடாது, காலைத் தூக்கிப் போடாமல் ஏற வேண்டும், பஞ்சரானால் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்தார். தினப்பாட்டுக்கென்றே பிறந்த வண்டி அது. நீங்கள் செய்வது சரி.

மின்சார ஸ்கூட்டர் ஒரு சார்ஜில் 150 கி.மீ. போகும் என்கிறார்கள். நம்பலாமா?

சோதனையில் வந்த கணக்கை அப்படியே நம்பாதீர்கள். வேகம், எடை, மேடு, குளிர் எல்லாம் அதைக் குறைக்கும். ஆனால் நீங்கள் தினமும் ஓட்டுவது 30 கி.மீ. என்றால் அந்த எண்ணைப் பற்றிய கவலையே தேவையில்லை. பிளக் பாயின்ட் வண்டி நிற்கும் இடத்தில் இருக்கிறதா, பேட்டரி வாரண்டியில் எவ்வளவு திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

பைக்கைத் தெரிந்தவருக்கே விற்றேன். பெயர் மாற்றுவதாகச் சொன்னார், ஆறு மாதமாகிறது. இப்போது அபராதம் என் பெயருக்கு வருகிறது.

தெரிந்தவர் என்பதால் நம்பினீர்கள், அந்த நம்பிக்கையை அவர் வீணாக்கிவிட்டார். விற்ற தேதி, வாங்கியவரின் கையெழுத்து, பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றோடு வாகனப் பதிவு அலுவலகத்துக்கு (ஆர்டிஓ) இன்றே எழுத்தில் தெரிவித்து, ரசீது வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள். நாளை அந்த வண்டி யார் மேலாவது மோதினால், முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான்.