ஒரே முகாமையாளர், நான்கு நிதியங்கள், அடைவில் ஏழு பவுண்

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் ஆறு ஏக்கர் வயல் செய்கிறார். என் அக்காவின் மகன், பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்யும் ஒரு யூனிட் ட்ரஸ்ட் கொம்பனியில் வேலை செய்கிறார். 2024 ஆரம்பத்தில் அவர் சொல்லி, 15 இலட்சம் ரூபாயை, குறுங்காலக் கடன் பத்திரங்களிலும் வைப்புகளிலும் போடும் அவர்களின் பணச்சந்தை நிதியத்தில் போட்டேன். 2025 ஓகஸ்டில் அதைப் பங்கும் கடன் பத்திரமும் கலந்த சமநிலை நிதியத்துக்கு மாற்றினார். இந்த வருடம் யூனில் புதிதாகத் தொடங்கிய பங்கு நிதியத்துக்கு மாற்றினார். அப்போது "சித்தி, இன்னொரு பத்து இலட்சம் சேர்த்தால் நல்லது" என்று கேட்டதால் ஏழு பவுண் நகையை 14 வீத வட்டிக்கு வங்கியில் அடைவு வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் போய்விட்டது. இப்போது 27 இலட்சத்து 20 ஆயிரம் காட்டுகிறது. காலபோகத்துக்கு 5 இலட்சம் தேவை. தங்க விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு வங்கியில் மேலதிகமாக எடுக்கலாம் என்கிறார் பெறாமகன். கொம்பனியின் நான்கு நிதியங்களையும் ஒரே கெட்டிக்கார முகாமையாளர் பார்ப்பதால் பயமில்லை என்கிறார். கனடாவிலிருக்கும் தம்பியோ, ஒரே ஆள் நான்கையும் பார்ப்பதுதான் பயம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ரீச்சர், தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் அந்த அடைவு. வன்னியில் நகை அடைவு வைக்காத வயற்காரக் குடும்பம் குறைவு. விதைப்புக்கு வைத்து, மாசி, பங்குனியில் நெல் விற்று மீட்பது ஊர் வழக்கம். அதில் பிழை சொல்ல மாட்டேன். நீங்கள் வைத்தது விதைப்புக்கு அல்ல. எந்த மாதத்தில் விளையும் என்று யாருமே சொல்ல முடியாத ஒன்றுக்கு, மாதம் தவறாமல் ஏறும் வட்டியில் கடன் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் இந்தக் கிழமையோடு நிற்க வேண்டும்.

கணக்கைப் பருமட்டாகப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய தாள்களின்படி பங்கு நிதியத்துக்குள் போக 2 வீதம் கட்டணம். ஆகவே பத்து இலட்சத்தில் வேலைக்குப் போனது 980,000 தான். வருட வட்டி 140,000. ஒரு வருடம் முடிய நட்டமில்லாமல் நிற்கவே அந்த 980,000 ஆனது 1,140,000 ஆக வேண்டும், அதாவது 16 வீதத்துக்கு மேல். நிதியத்தின் வருடச் செலவு 2.5 வீதம். அதையும் கூட்டினால் முகாமையாளர் ஏறத்தாழ 19 வீதம் உழைத்துத் தந்த பிறகுதான் உங்களுக்கு முதலாவது ரூபாய் இலாபம். சில வருடங்களில் பங்குச் சந்தை அதைவிடக் கூடவும் ஏறும். ஏறாத வருடத்திலும் வங்கி 14 வீதம் கேட்கும், கேட்டுக் கிடைக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

மாறி மாறிப் போனதற்கான செலவையும் கூட்டிப் பார்த்தேன். சமநிலை நிதியத்துக்குள் நுழைய, அப்போது வளர்ந்து 17 இலட்சமாகியிருந்த தொகையில் 1.5 வீதம், 25,500. ஒரு வருடத்துக்குள் வெளியேறியதால் 1 வீதம், ஏறத்தாழ 18,000. பங்கு நிதியத்துக்குள், நகைக் காசும் சேர்ந்த 28 இலட்சத்தில் 2 வீதம், 56,000. எல்லாமாக ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஆறு ஏக்கர் காலபோகச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு, கடுதாசி மாற்றியதற்கே போயிருக்கிறது.

இனித் தம்பியின் கேள்வி. கொம்பனியின் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் 18 இலட்சம் பணச்சந்தை நிதியத்தில், வருடத்துக்கு 0.6 வீதச் செலவில் கிடந்தால் அவர்கள் பக்கத்துக்குப் போவது 10,800 ரூபாய். அதே காசோடு உங்கள் நகைக் காசும் சேர்ந்து 2.5 வீத நிதியத்தில் இருந்தால் 70,000. முகாமையாளர் அதே ஆள், வாடிக்கையாளரும் அதே ஆள். பெறாமகன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களை எந்த நிதியத்தில் வைத்திருந்தால் யாருக்கு நல்லது என்பதில் அவருக்கும் உங்களுக்கும் ஒரே விடை வராது.

ஒருவர் பல நிதியங்களைப் பார்ப்பது சட்டவிரோதம் இல்லை, உலகமெங்கும் நடப்பதுதான். எந்த இடத்தில் வழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வாங்கிய பங்கைப் பிரிக்கும் இடம். முகாமையாளர் இரண்டு நிதியங்களுக்காக ஒரு கொம்பனியின் 100,000 பங்குகளை வாங்குகிறார் என்று வையுங்கள். காலையில் 50,000 பங்கு 50 ரூபாய்க்கும், பிற்பகலில் மிச்சம் 53 ரூபாய்க்கும் கிடைக்கிறது. காலைப் பங்கு எந்த நிதியத்துக்கு? ஒழுங்கான இடத்தில் வாங்கும் முன்பே எந்த நிதியத்துக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பார்கள், இரண்டுக்கும் சராசரி விலையான 51.50 ஐப் போடுவார்கள். எழுதி வைக்காத இடத்தில் பின்னேரம் பிரிப்பார்கள். வித்தியாசம் 150,000 ரூபாய், எந்தப் பற்றுச்சீட்டிலும் அது தெரியாது. 500 கோடி ரூபாய் நிதியம் ஒன்றில் இந்தத் தொகை கண்ணுக்கே படாது. 5 கோடியில் தொடங்கிய புது நிதியத்தில் அது 0.3 வீதம். பத்துத் தடவை நடந்தால் 3 வீதம், விளம்பரத்தில் போடக்கூடிய அளவு. புதிதாகத் தொடங்கிய சிறிய நிதியம் ஒன்று முதல் வருடத்தில் பிரகாசிப்பதைப் பார்த்தால் நான் உடனே கைதட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். எல்லாப் புது நிதியமும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் இலாபத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது: ஒரு நிதியம் தன் சகோதர நிதியத்துக்கு விற்பது. பலர் ஒரே நேரத்தில் காசைத் திரும்பக் கேட்டால் நிதியம் எதையாவது விற்க வேண்டும். அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியல் என்றால் உடனே விற்கலாம். வாங்க ஆளில்லாத கொம்பனிக் கடன் பத்திரமோ, சந்தையில் பட்டியலிடாத பங்கோ என்றால்? வாங்குவதற்கு அடுத்த நிதியம் இருக்கிறது, அதையும் பார்ப்பவர் அதே ஆள். விலையை இரண்டு பக்கத்திலும் அவரே தீர்மானிக்கிறார். கூடப் போட்டால் வாங்கிய நிதியத்தில் இருப்பவருக்கு நட்டம், குறையப் போட்டால் விற்ற நிதியத்தில் இருப்பவருக்கு.

இங்கிலாந்தில் நீல் வூட்போர்ட் என்ற பெயர்பெற்ற முகாமையாளர் 2019 இல் தன் பெரிய நிதியத்திலிருந்த 7 கோடியே 30 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் பெறுமதியான பட்டியலிடாத பங்குகளை, தானே நடத்திய இன்னொரு முதலீட்டு நிறுவனத்துக்கு மாற்றி, பதிலுக்கு அந்த நிறுவனத்தின் பங்குகளை எடுத்தார். அந்த வருடம் யூன் 3 ஆம் திகதி பெரிய நிதியத்தில் காசு மீளப்பெறுவது நிறுத்தப்பட்டது, பிறகு அது திறக்கவே இல்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 23 இல் பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் நிதியங்களை ஒரேயடியாக மூடியது. ஏறத்தாழ 25,000 கோடி இந்திய ரூபாய் அகப்பட்டது. ஆறுக்கும் வெவ்வேறு பெயர், ஆனால் உள்ளே இருந்தவற்றில் பல, விற்க முடியாத அதே பத்திரங்கள். "நாலு நிதியத்தில பிரிச்சுப் போட்டால் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நினைவுக்கு வர வேண்டியது இதுதான். ஒரே கை வாங்கிய நான்கு நிதியங்கள் பல வேளை ஒரே நிதியம்தான்.

மூன்றாவது, தாய்க் கொம்பனி. குழுமத்தில் ஒரு நிதி நிறுவனமோ பங்குத் தரகரோ இருந்தால், குழுமம் கடன் திரட்ட வெளியிடும் பத்திரமான தொகுதிக்கடனை நிதியம் வாங்குகிறதா, தரகுக் கூலி எந்தத் தரகருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். சில கொம்பனிகள் ஒரு நிதியத்தின் காசைத் தங்கள் இன்னொரு நிதியத்திலேயே போடும். அங்கே கட்டணம் இரண்டு தடவை வெட்டப்படவில்லை என்பதைத் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

இது தனியாரின் நோய் மட்டுமல்ல. அரசாங்கத்துக்காகக் கடன் திரட்டும் பொறுப்பும், அந்தக் கடனை வாங்கும் ஊழியர் சேமலாப நிதியும் நீண்ட காலம் மத்திய வங்கியின் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. விற்பவருக்கு வட்டி குறைய வேண்டும், வாங்கும் தொழிலாளிக்கு வட்டி கூட வேண்டும். 2015 பெப்ரவரி 27 இல் மத்திய வங்கி நடத்திய முறி (அரசாங்கக் கடன் பத்திர) ஏலத்துக்குப் பிறகு வந்த விசாரணைகளில் சேமலாப நிதி வாங்கிய விலைகளும் அலசப்பட்டன. கடன் திரட்டும் வேலையைத் தனி அலுவலகத்துக்குக் கொடுக்கும் சட்டம் 2024 இல்தான் வந்தது.

"அரசாங்கம் பார்க்குது, நம்பிக்கைப் பொறுப்பாளர் இருக்கிறார்" என்று பெறாமகன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. யூனிட் ட்ரஸ்டுகளைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகிறது. சொத்துகள் முகாமைக் கொம்பனியின் கையில் இருப்பதில்லை, நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருக்கும். அதனால் காசைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம். ஆனால் உங்களுக்குப் பொருந்தாத நிதியத்துக்கு உங்களை மாற்றியதை அவர் தடுக்கமாட்டார், அது அவருடைய வேலையும் இல்லை. வங்கி வைப்புக்கு இருக்கும் 11 இலட்சம் ரூபாய் வரையான வைப்புக் காப்புறுதி யூனிட் ட்ரஸ்டுக்குக் கிடையாது. யூனிட் ட்ரஸ்டில் போட்ட காசுக்கு யாராவது "உத்தரவாதம்" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. பங்கு நிதியத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் 2 வீதம் வெட்டுவார்கள், அதனால் அடுத்த யூன் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். பத்து இலட்சத்துக்கு 2 வீதம் 20,000. ஒன்பது மாத அடைவு வட்டி 105,000. சந்தை ஏறலாம் என்ற எதிர்பார்ப்புக்காக இந்த வித்தியாசத்தைக் கட்ட உங்களுக்கு என்ன அவசியம்? ஓய்வூதியம் வரப்போகும் அரசாங்க ஆசிரியை நீங்கள், பந்தயம் கட்டும் வயதும் இல்லை.

அடைவை மீட்க முதலும் மூன்று மாத வட்டியும் 1,035,000. வெட்டு போக அது கைக்கு வர 1,056,000 ரூபாய் பெறுமதியான அலகுகளை (நிதியத்தில் உங்கள் பெயரிலுள்ள யூனிட்டுகளை) விற்க வேண்டும். விதைப்புக்கான 5 இலட்சத்தையும் இதோடு எடுங்கள்: 510,000. நகையை மீண்டும் வைத்து அந்த 5 இலட்சத்தை எடுத்தால் ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ 29,000 வட்டி. நிதியத்திலிருந்து எடுத்தால் வெட்டு 10,200. நுண்கடன் கொம்பனி, முதலாளியிடம் உரத்துக்கும் எண்ணெய்க்கும் கடன் என்று போனால் கணக்கு இன்னும் மோசம். மிச்சம் ஏறத்தாழ 11 இலட்சத்து 54 ஆயிரம் நிதியத்தில் இருக்கும். அது கடன் காசு இல்லை, யூன் வரை இருக்கட்டும். வெட்டு முடிந்ததும், ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பங்கை மட்டும் அங்கே விட்டு மிச்சத்தைப் பணச்சந்தை நிதியத்துக்கோ வங்கி நிலையான வைப்புக்கோ கொண்டுபோங்கள். நெல் விற்ற காசும் அங்கேயே போகலாம். அடுத்த ஐப்பசிக்கு அடைவுக்கடை வாசல் மிதிக்கத் தேவை வராது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: மாற்றும் படிவங்கள் சிலவற்றில் வெறுமையாகக் கையொப்பமிட்டுப் பெறாமகனிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்களாம். அடைவுக்கு அடுத்தபடி என்னைப் பயப்படுத்தியது அதுதான். கொம்பனிக்கு இன்றே கடிதம் எழுதுங்கள்: என் கையொப்பத்தோடு முன்பு கொடுத்த படிவங்கள் எதுவும் செல்லாது, இனி மாற்றும் ஒவ்வொரு தடவையும் என் தொலைபேசிக்கு அழைத்து உறுதிப்படுத்த வேண்டும், மீளப்பெறும் காசு என் பெயரிலுள்ள இந்த வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். ஒரு பிரதியை நம்பிக்கைப் பொறுப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முகவரி நிதியத்தின் விளக்க அறிக்கையில் இருக்கும்.

அதே கடிதத்தில் நான்கு விபரம் கேளுங்கள். உங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விற்பனையாளருக்குக் கிடைத்த தரகு ரூபாயில் எவ்வளவு. ஒரே முகாமையாளரின் நான்கு நிதியங்களிலும் முதல் பத்து முதலீடுகள் எவை. வாங்கியதை நிதியங்களுக்கிடையே பிரிக்கும் எழுத்து விதி என்ன. கடந்த வருடம் சகோதர நிதியத்துடனோ குழுமக் கொம்பனியுடனோ நடந்த கொடுக்கல் வாங்கல் என்ன. கடைசி விபரம் கணக்காய்வு செய்த வருடாந்த அறிக்கையில், சம்பந்தப்பட்ட தரப்பினர் என்ற குறிப்பின் கீழ் இருக்க வேண்டும். அறிக்கையின் முன்பக்கப் படங்களை விட்டு நேரே அங்கே போங்கள். முதல் பத்தில் ஆறோ ஏழோ பொதுவாக இருந்தால் ஒரு நிதியம் உங்களுக்குப் போதும். ஒழுங்கான கொம்பனி இவற்றுக்குப் பதில் தரும். இழுத்தடித்தால் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம்.

பெறாமகனுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "தம்பி, நகை வீட்ட வரட்டும், கடன் எடுத்து இனி ஒண்டும் போடமாட்டன்" என்றால் போதும். மாத இலக்கு முடிக்க வேண்டும், சித்தி உதவாவிட்டால் யார் உதவுவது என்று கேட்பார். இலக்கு அவருடைய சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது, உங்கள் காப்போடு அல்ல. அக்கா மனம் கோணுவார் என்று பயந்தால், தம்பி விடமாட்டேன் என்கிறான் என்று கனடாவின் தலையில் போடுங்கள். தூரத்தில் இருப்பவர் தாங்குவார்.

மீளப்பெறும் படிவத்தைக் கொடுத்து வேலை நாட்கள் சில போகக் காசு கணக்குக்கு வரும். வந்த அன்றைக்கே அடைவுச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அன்றைய திகதிக்கு வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் உள்ள நிறையோடு நகையை அங்கேயே நிறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பெற்ற பிறகு கையொப்பமிடுங்கள்.