பாண் ஓட்டோ வரும் வரை

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு வேலை செய்கிறேன். சிறுகதை எழுத ஆசை. தினமும் நாலரைக்கு எழும்பி எழுதுவது என்று ஒரு சீஆர் கொப்பி வாங்கித் தொடங்கினேன். பதினொரு நாள் ஒழுங்காகப் போனது. பிறகு மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விட்டேன். அதோடு சரி, கொப்பியைத் தொடவே மனம் வரவில்லை. நீங்கள் எப்படித் தினமும் எழுதுகிறீர்கள், அக்கா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நாலரையை விடுங்கள். அதிகாலை எழுத்து என்றதும் ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரோலப்பைச் சொல்வார்கள். தபால் திணைக்கள வேலைக்குப் போகுமுன் ஐந்தரைக்கே உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் எழுதியவர். உண்மைதான். ஆனால் அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார்; அதற்கென்றே வருடத்துக்கு 5 பவுண் மேலதிகச் சம்பளம். உங்கள் வீட்டில் கோப்பி போடுவது யார் என்று நான் கேட்கத் தேவையில்லை.

நானும் எழுதவென்றே ஒரு மேசை வாங்கினேன். இப்போது அதில் அயன் பண்ண வேண்டிய உடுப்புகள் கிடக்கின்றன. எழுதுவது குசினியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்ததும் கொப்பியைத் திறப்பேன். பாண் விற்கிற ஓட்டோ பீத்தோவன் மெட்டோடு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் மூடிவிடுவேன். சில நாள் நாற்பது நிமிடம், சில நாள் பதினைந்து. எப்போது எழும்பலாம் என்று தெரிந்தால் உட்காரப் பயமில்லை. வசனத்தின் நடுவில் ஓட்டோ வந்தால் நடுவிலேயே விடுவேன். நேற்று, ‘அவள் கதவைத் திறந்தபோது மாமாவின் செருப்பு’ என்று நின்றது. இரவு முழுக்க அந்தச் செருப்பு மண்டைக்குள் கிடந்தது. காலையில் பேனையை எடுத்ததுதான் தாமதம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் பாண் ஓட்டோ நின்றபோது என் எழுத்தும் நின்றது. நேரம் தாராளமாக இருந்தது. போதும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அப்புறம் கோட்டைக்குப் போகும் காலை ரயிலின் சத்தத்தை கொப்பியை மூடும் மணியாக வைத்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் அது போனால் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும்.

இரண்டு நாள் தவறியதற்காக வருந்தாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பழக்கம் படிய ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லையாம். உங்கள் பதினொரு நாள் இன்னும் பால்குடி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொப்பி கிடக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் மணிக்கா பஞ்சம்? கோவில் மணியோ தேவாலய மணியோ, உங்களுக்குத் தோதான ஒன்று கேட்டதும் மூடிவிடுங்கள். அதுசரி, பதினோராம் நாள் எந்த வசனத்தில் நிறுத்தினீர்கள்? அதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.