போஸ்ட்மாஸ்டர் பதில்கள்: வாரத்தில் பதினான்கு சாப்பாடு

"பன்னிரண்டு வருடம் சீட்டுக் கட்டி, லோன் போட்டு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கேட்டைத் திறந்து உள்ளே போகும்போது ஒன்றுமே தோன்றவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?"
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பூர்

கோளாறு இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். 1989-இல் நான் டிவிஎஸ் 50 வாங்கினேன். முதல் மாதம் தினமும் மஞ்சள் துணியால் துடைப்பேன். என் சட்டை கசங்கியிருக்கும், வண்டி மினுக்கும். தீபாவளிக்குள் அது வெறும் வண்டியாகிவிட்டது.

1978-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை அடித்த 22 பேரிடம் பேசினார்கள். அடிக்காத 22 பேரிடமும் பேசினார்கள். இப்போது எவ்வளவு சந்தோஷம் என்று கேட்டதற்கு ஐந்துக்கு அவர்கள் 4, இவர்கள் 3.82. இத்தனை டாலர் கொட்டியும் வித்தியாசம் அவ்வளவே. நண்பரோடு அரட்டை, காலைச் சாப்பாடு, பத்திரிகை படிப்பது மாதிரியான சில்லறை சந்தோஷங்களில் லாட்டரிக்காரர்களுக்கு ருசிகூடக் குறைந்திருந்தது. (விபத்தில் முடங்கியவர்களும் அதே அளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்று மேடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதே ஆய்வில் அப்படி முடங்கிய 29 பேரிடமும் கேட்டார்கள், அவர்கள் கணக்கு 2.96. குறைவுதான். ஆனால் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை.)

சுவர் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறது, அதனால் சீக்கிரம் பழகிவிடும். மனிதர்கள் அப்படி இல்லை. அந்த வண்டியில் மகளை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது எனக்குக் கடைசி வரை பழகவில்லை. தினம் ஒரு புதுக் கேள்வி கேட்பாள். உங்கள் கடிதம் மூன்று பக்கம். டைல்ஸ், தேக்குக் கதவு, சம்ப் எல்லாம் வருகிறது. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யார் வந்து காபி குடித்தார்கள் என்பது மட்டும் இல்லை.

"பணம் இருந்தால் சந்தோஷம் வருமா? ஒரே வரியில் சொல்லவும்."
- வாசகர், விருதுநகர்

இல்லாவிட்டால் கஷ்டம் நிச்சயம்.

ஒரு வரி முடிந்தது, ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. வருட வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010-இல் உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் எழுதினார்கள். அதை மறுத்தவர் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர். 2023-இல் அவரோடே சேர்ந்து உட்கார்ந்து கானமன் கணக்கைத் திரும்பப் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலும் கூடத்தான் செய்கிறது, ஏற்கெனவே நொந்து கிடப்பவர்களுக்குத்தான் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. எண்பதைத் தாண்டிய நோபல்காரர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார் பாருங்கள், எனக்கு அது பிடித்தது.

"உலக மகிழ்ச்சிப் பட்டியலில் பின்லாந்துதான் முதலிடம். அங்கே வேலை பார்க்கும் என் மகனோ, பஸ்ஸில் ஒருவரும் சிரிப்பதில்லை என்கிறான். எது சரி?"
- வாசகர், காரைக்குடி

இரண்டும் சரி. அந்தப் பட்டியல் சிரிப்பை அளப்பதில்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உச்சிப்படி 10, உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி 0. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பதில்களின் மூன்று வருடச் சராசரியை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். 2018 முதல் 2025 வரை பின்லாந்துதான் முதல்.

2025 அறிக்கையில் என்னை உட்கார வைத்தது வேறொரு கேள்வி. போன வாரம் மதியமும் இரவுமாகப் பதினான்கு சாப்பாட்டில் எத்தனையைத் தெரிந்தவர்களோடு சாப்பிட்டீர்கள்? சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஏணியில் மேலே நின்றார்கள். நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. மீதி ஐந்தும் டிவியோடு. மகனிடம் பஸ்ஸை விடுங்கள், அவன் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

"71 வயது. அவர் போய் இரண்டு வருடம். பென்ஷன் வருகிறது. மகள் சிங்கப்பூரிலிருந்து தினமும் வீடியோ காலில் பேசுகிறாள். குறையில்லை. ஆனால் சாயந்தரம் விளக்கேற்றிய பிறகு என்னவோ போல் இருக்கிறது. தை மாசம் பக்கத்து வீட்டுப் பெண் வடகம் போடக் கற்றுத்தரச் சொன்னாள். வெயில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். எதிலும் பிடிப்பில்லை. கோயிலுக்குப் போனால் சரியாகுமா?"
- வாசகி, மயிலாடுதுறை

நான் கிளார்க்காக இருந்த ஊரில் ஒரு பாட்டி. மகன் அனுப்பும் மணியார்டரைப் போஸ்ட்மேன் கொண்டுவரும் வரை பொறுக்காமல் ஆபீசுக்கே வந்துவிடுவார். பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்வார். படிவத்தில் சேதி எழுத ஒரு துண்டு இருக்குமே, அதைக் காட்டி "படி" என்பார். "சுகம். மழை இல்லை. பல்வலி தேவலை." அவ்வளவுதான் இருக்கும். "இன்னொரு தரம் படி." அப்புறம் துண்டைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு மாதம் மகன் அதில் ஒன்றுமே எழுதவில்லை. நானாக "சுகம்" என்று படித்தேன். இலாகா விதிப்படி தப்பு. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, வெற்றுத் தாள் தெரியாதா? அன்றைக்கு இன்னொரு தரம் படிக்கச் சொல்லவில்லை.

ஹார்வர்டில் 1938-இல் 268 மாணவர்களோடு தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடக்கிறது. பாஸ்டனின் ஏழைப் பையன்கள் 456 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். எண்பதில் யார் திடமாக இருப்பார்கள் என்பதை, ஐம்பதில் இருந்த கொலஸ்டிராலைவிட அப்போது உறவுகளில் இருந்த நிறைவுதான் நன்றாகச் சொன்னது என்கிறார் அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர்.

தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அது கோயிலாலும் என்னாலும் ஆகாது. மற்றபடி கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். பிரகாரத்தில் அதே நாலு முகம் வரும்.

அப்புறம், பழக்கதோஷம், எந்தக் கடிதம் வந்தாலும் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பேன். உங்கள் கவரில் ஏப்ரல் 9. வெயில் எப்போதோ வந்துவிட்டது அம்மா. ஜவ்வரிசி ஊறப் போட்டாயிற்றா?