ஆறு ஜன்னல் திரைகளுக்கு இருபது வருடத் தவணையா?

கேள்வி: மதுரையில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். வரும் தை மாதம் குடிபுகுகிறோம். நானும் கணவரும் சேர்ந்து மாதம் 95,000 ரூபாய் ஈட்டுகிறோம். வீட்டுக் கடன் தவணை 32,000 ரூபாய். எல்லாச் செலவும் போக 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. வைப்பு நிதியில் 3 லட்சம் இருக்கிறது. பால்கனிக் கதவையும் சேர்த்து ஆறு ஜன்னல்களுக்குத் திரைகள் போட, உள் அலங்காரக் கடை ஒன்று 1,84,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறது. 11 சதவீத வட்டியில் 24 மாதத் தவணைக்கும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். வீட்டுக் கடனின் மேல் டாப்-அப், அதாவது கூடுதல் கடன், வாங்கினால் வட்டி குறைவு என்கிறார் கணவர். வைப்பு நிதியை உடைத்துவிடலாம் என்பது என் எண்ணம். 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள். ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாக, அழகாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த வழியில் பணம் திரட்டுவது நல்லது?

பதில்: மூன்று வழிகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் ஆசையில் பிழை இல்லை. மதிப்பீட்டில்தான் பிழை இருக்கிறது. அதைத் திருத்தினால் கடனுக்கான தேவையே எழாது.

முதலில் கடையின் தவணை. 11 சதவீதம் என்பது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், 24 மாதமும் முழு 1,84,000 ரூபாய்க்கே வட்டி போடுவார்கள். அதன்படி வட்டி 40,480 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 9,353 ரூபாய். குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் இதைப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 20 சதவீதம் ஆகிறது. பரிசீலனைக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி என்று வருபவை தனி. வட்டியே இல்லாத தவணை என்று வேறொரு கடை சொன்னாலும் மயங்க வேண்டாம். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதியது. அந்த வட்டி பொருளின் விலைக்குள்ளேயோ, மறுக்கப்பட்ட தள்ளுபடிக்குள்ளேயோ ஒளிந்திருக்கும்.

உங்கள் கணவர் சொல்லும் டாப்-அப் கடனில் வட்டி விகிதம் குறைவு என்பது உண்மை. ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காலத்தைப் பார்க்காமல் விடுவதால்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதம் 1,656 ரூபாய்தான், கையைக் கடிக்காது. ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 3 லட்சத்து 97 ஆயிரம் ரூபாய் போயிருக்கும். வெயிலில் தொங்கும் துணி ஐந்தாறு வருடத்தில் நைந்துவிடும். நான்கு வயது மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதிலும், என்றோ கிழித்துத் தரை துடைத்த திரைக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வைப்பு நிதியைப் பொறுத்தவரை, தவணையும் சேர்த்து உங்கள் மாதச் செலவு 81,000 ரூபாய். 3 லட்சம் என்பது இருவரில் ஒருவருக்கு வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ கைகொடுக்க வேண்டிய பணம். அதுவே நான்கு மாதச் செலவுக்குப் போதாது. அதிலிருந்து 1,84,000 ரூபாயை எடுத்தால் ஒன்றரை மாதத்துக்குக்கூடத் தாங்காது.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்த தாளில் எனக்கு உறுத்தியது விலை மட்டும் அல்ல. ஆறு ஜன்னல்களுக்கும் ஒரே தரத்தில் வெளிச்சத்தை அடைக்கும் பிளாக்அவுட் துணியும், மேலே ராடை மறைக்கும் பெல்மெட்டும், ஹாலுக்கு ரிமோட்டிலும் மகளின் அறைக்குக் கயிற்றிலும் சுருண்டு ஏறும் ரோலர் பிளைண்டுகளும் எழுதியிருக்கிறார்கள். எந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற குறிப்பு அதில் ஓரிடத்திலும் இல்லை; நல்லவேளையாக, வீட்டின் வரைபடத்தையும் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். பெரிய படுக்கையறையில் மேற்கே ஒன்றும் வடக்கே ஒன்றும், மகளின் அறையில் கிழக்கே ஒன்று, சமையலறையில் வடக்கே ஒன்று, ஹாலில் கிழக்கே ஒரு ஜன்னலும் தெற்கே பால்கனிக் கதவும் என்று அமைந்திருக்கின்றன. பணத்தை எங்கே போடுவது என்பதை இந்த வரைபடமே சொல்லிவிடுகிறது.

மின்செலவு குறையும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது மேற்கு ஜன்னல் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆவணி வரை சற்று வடக்கே சாய்ந்தே நிற்கும். எனவே அக்னி நட்சத்திர நாட்களில் தெற்குப் பால்கனிக்குள் நேர் வெயில் வராது. அங்கே வெயில் அதிகம் எட்டிப் பார்ப்பது மார்கழி, தை மாதங்களில்தான், அப்போது அது யாருக்கும் பாரமும் இல்லை. மேற்கு ஜன்னலின் நிலைமை வேறு. மூன்று மணிக்குப் பிறகு சூரியன் தாழ்ந்து வரும்போது சன்ஷேடின் நிழல் எதையும் தடுக்காது. சுவரும் கட்டிலும் இரவு வரை கனலும். அந்த ஜன்னலுக்குத் தடித்த துணியும், கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்தில் வெள்ளை உட்துணியும் போடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தால் இன்னும் பலன் அதிகம். ஒரு மூங்கில் தட்டியே அதைச் செய்துவிடும். ஆனால் மூன்றாவது மாடியில் காற்றுக்கு அது அவிழ்ந்து கீழே விழக்கூடாது, குடியிருப்போர் சங்கமும் அனுமதிக்க வேண்டும். இரண்டையும் உறுதி செய்துகொண்ட பிறகே அதைப் பற்றி யோசியுங்கள்.

இதனால் மிச்சம் எவ்வளவு என்று கேட்பீர்கள். கோடையில் அந்த அறையின் ஏசி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் குறைவாக ஓடி ஒரு யூனிட் மிச்சமானால், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு 501 முதல் 600 வரையிலான யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் 55 காசு. ஆக ஒரு பில்லில் ஏறத்தாழ 500 ரூபாய் குறையும். அந்த 60 யூனிட்டால் மொத்தப் பயன்பாடே 500க்குக் கீழே இறங்கிவிட்டால் லாபம் இன்னும் கூடும், ஏனெனில் எல்லையைத் தாண்டியவர்களுக்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. இந்த ஜன்னலுக்கு 5,000 ரூபாய் செலவழித்தால், கோடைக்கு இரண்டு பில் என்ற கணக்கில் ஐந்து கோடைகளில் அது திரும்பி வந்துவிடும். மற்ற ஐந்து ஜன்னல்களிலும் போடும் பணம் அழகுக்கும் மறைப்புக்கும் உரியது. அதில் தவறில்லை, அதைச் சேமிப்பு என்று பெயரிட்டுச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

துணிக் கணக்கை நீங்களே போடப் பழகிக்கொள்ளுங்கள். கடையில் ஏமாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. நான்கடி ஜன்னலுக்கு இருபுறமும் அரையடி கூட்டி ஐந்தடி ராடு வேண்டும். மடிப்பு அழகாக விழ, ராடின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம், அதாவது 120 அங்குலம் துணி வேண்டும். ஸ்கிரீன் துணி 48 அங்குல அகலத்தில் வந்தால் மூன்று துண்டுகள். மேலும் கீழும் மடித்துத் தைப்பதையும் சேர்த்துத் துண்டு ஒன்றுக்கு இரண்டு மீட்டர் வைத்தால் ஆறு மீட்டர். மீட்டர் 200 ரூபாய் என்றால் துணி 1,200 ரூபாய். ஐலெட் வளையம் வைத்துத் தைக்கும் கூலி, ராடு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து ஜன்னலுக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பருத்தித் துணியானால் நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். பல வருடங்களுக்கு முன் என் வீட்டு ஹாலுக்கு ஆசையாகத் தைத்த திரை, முதல் சலவையிலேயே ஜன்னல் திண்டுக்கு மூன்றங்குலம் மேலே ஏறிக்கொண்டது. நிதி ஆலோசகன் வீட்டுத் திரை இப்படித்தான் இருக்கும் போலும் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அறைக்கு ஒரு விதம் என்ற ஆசைக்கு நம் ஊர்த் துணிகளிலேயே நிறைய இடம் இருக்கிறது. ஹாலின் கிழக்கு ஜன்னலுக்கு ஒரு சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டினால், தரையைத் தொடும் நீளத்தில் இரண்டு திரைகள் கிடைக்கும். முந்தானை ஒரு பக்கத் திரையின் அடியில் கரையாக விழும்படி தைத்தால், கடையில் வாங்கியதைப் போல் இராது. மதுரையில் வாழ்ந்துகொண்டு சுங்குடி இல்லாத ஹால் எனக்குக் குறையாகவே தோன்றும். நேர் வெயிலில் சாயம் வெளுக்கும் என்பதால் பின்னால் மெல்லிய வெள்ளை வாயல் ஒன்றைத் தைத்துவிடுங்கள். காலை வெயிலின் கூச்சமும் குறையும். வடக்கு ஜன்னலில் வெயில் குறைவு. சாயம் பற்றிய கவலை அதிகம் இல்லை. பெட்டியில் உறங்கும் பழைய செட்டிநாட்டுக் கட்டச் சேலை ஏதேனும் இருந்தால் அங்கே தொங்கவிடலாம். செலவு தையற்கூலியும் ராடும் மட்டுமே.

பால்கனிக் கதவு ஆறடி அகலம். ஏழடி ராடுக்கு நான்கு துண்டுகள், துண்டுக்கு 2.6 மீட்டர் என்று பத்தரை மீட்டர் துணி வேண்டும். இதற்குக் கரூர்த் துணியைப் பரிந்துரைக்கிறேன். வீட்டு உபயோகத் துணிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர் அது. ஏற்றுமதியில் மிஞ்சிய திரைத் துணிகள் அங்குள்ள கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒரே சாயத் தொகுதியில் உங்களுக்கு வேண்டிய மொத்த நீளமும் இருக்கிறதா என்று மட்டும் விரித்துப் பார்த்து வாங்குங்கள், பிறகு போனால் அதே நிறம் கிடைக்காது. மீட்டர் 250 ரூபாய் என்றாலும் துணி, தையல், ராடு எல்லாம் 5,500 ரூபாய்க்குள் அடங்கும். ரிமோட்டில் இயங்கும் பிளைண்டுக்கு மதிப்பீட்டில் போட்டிருக்கும் தொகை இதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். மோட்டார் பழுதானால் ஆள் வரும்வரை திரை பாதியில் நிற்கும் என்பதையும் அதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மகளின் அறைக்கு எழுதியிருக்கும் ரோலர் பிளைண்டில் இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கும். சிறு குழந்தைகளின் கழுத்தில் அது சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. விலை பாதியாகக் குறைந்தாலும் அது வேண்டாம். ராடில் நகரும் சாதாரணத் துணித் திரை போதும். அவளுக்குப் பிடித்த படம் அச்சிட்ட துணி என்று அதிகம் செலவழிக்காதீர்கள். இரண்டு வருடத்தில் அந்தப் படம் பிடிக்காமல் போய்விடும். ஒற்றை நிறத் துணியில் கொஞ்சம் பூத்துண்டுகளை ஒட்டித் தைத்துக் கொடுத்தால் பிறகு பிரித்துவிடலாம்.

சமையலறையில் துணியே வேண்டாம். அடுப்பின் அருகே நெருப்பு அபாயம், தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, வாரம் ஒரு சலவை என்று அது தொல்லைதான். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஒட்டுத்தாள் ஒட்டினால் எதிர் வீட்டுப் பார்வையும் மறையும், வெளிச்சமும் வரும். குளியலறைக் காற்றுக் கண்ணாடிகள் இரண்டுக்கும் அதுவே போதும். மூன்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் ஒதுக்குங்கள். கொசுவலை ஜன்னலோடு வந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வராவிட்டால் திரைக்கு முன்பாக வலைதான். அழகு இரண்டு மாதம் காத்திருக்கும், கொசு காத்திருக்காது.

கூட்டிப் பார்த்தால் மேற்கு ஜன்னலுக்கு 5,000, பால்கனிக்கு 5,500, ஹால் ஜன்னல், வடக்கு ஜன்னல், மகளின் அறை மூன்றுக்கும் 9,000, ஒட்டுத்தாளுக்கு 1,500 என்று மொத்தம் 21,000 ரூபாய் வருகிறது. அளவுப் பிழை, கூலி உயர்வு, வலை என்று 5,000 ரூபாய் கூடுதலாக வைத்தாலும் 26,000. உங்கள் இரண்டு மாத மிச்சம் 28,000 ரூபாய். தையில் குடிபுகும்போது படுக்கையறைகளின் வடக்கு, கிழக்கு ஜன்னல்களும் குளியலறைகளும் மறைந்திருந்தால் போதும். மேற்கு ஜன்னலில் அதுவரை பழைய வேட்டியைக்கூடக் கட்டிவைக்கலாம். வெயில் முற்றுவதற்குள் மாசியில் தடித்த துணியைப் போட்டுவிடுங்கள். ஹாலை அந்த வீட்டில் சில வாரம் வாழ்ந்து, ஒளி எங்கே விழுகிறது, எதிர் மாடியிலிருந்து எங்கே பார்வை படுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு செய்வது நல்லது.

முன்பணம் 5,000 ரூபாய் திரும்ப வராது என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும், அந்த 5,000 ரூபாயைக் காப்பாற்றுவதற்காக 1,84,000 ரூபாய் வேலையைக் கொடுக்காதீர்கள். கடைக்கு நேரில் சென்று, முழு வேலை இல்லை என்றும், மேற்கு ஜன்னலுக்கான துணியையும் பால்கனிக்கான ராடையும் மட்டும் அந்தப் பணத்தில் தரும்படியும் கேளுங்கள். அளவெடுக்க ஒரு முறை வந்து போனதைத் தவிர அவர்களுக்கு இதுவரை செலவு இல்லை என்பதால், பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு இசைவார்கள். இசையாவிட்டால் அந்த 5,000 ரூபாயை இழந்தாலும், தவணையில் கட்டவிருந்த வட்டியின் எட்டில் ஒரு பங்குதான் அது.