கிராஃபிக்ஸால் தீராத சிக்கல்

கேள்வி: "இந்த நாவலை, இந்த காமிக்ஸைப் படமாக எடுக்கவே முடியாது" என்று சிலர் சொல்கிறார்கள். கிராஃபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும் அப்படிச் சொல்வது ரசிகர்களின் பிடிவாதம்தானே?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். கதையின் அளவைக் காட்டி "முடியாது" என்றவர்கள் தோற்றுத்தான் போனார்கள். 'டியூன்' நாவலை எழுபதுகளில் இயக்குநர் ஹொடரோவ்ஸ்கி படமாக எடுக்க முயன்று கைவிட நேர்ந்தது. 2021, 2024-இல் இன்னொரு இயக்குநர் வில்நோவ் இரண்டு பாகமாக எடுத்துவிட்டார். எம்.ஜி.ஆருக்குக் கைகூடாத 'பொன்னியின் செல்வ'னும் 2022, 2023-இல் திரைக்கு வந்துவிட்டது. பணமும் காலமும் கணினியும் தீர்த்துவைக்கிற சிக்கலுக்கு "முடியாது" என்பது பெரிய வார்த்தை.

ஆனால் நீங்கள் அதே கிராஃபிக்ஸைக் காட்டி மீதிப் பாதியையும் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு மனிதன் பூச்சியாக மாறிவிடுவதைச் சொல்லும் காஃப்காவின் 'உருமாற்றம்' 1915-இல் நூலாக வரவிருந்தபோது, அட்டையில் பூச்சியை வரைய வேண்டாம், தூரத்தில் தெரிவதுபோல்கூட வேண்டாம் என்று அவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். கதாநாயகன் கிரெகோர் என்ன பூச்சியாக மாறினான் என்று கதை பெயர் சொல்வதில்லை. படிக்கிறவர் மனதில் அந்த உருவம் ஒரு நிலையில் நிற்காது. கேமரா முன்னால் கொண்டுவந்த நொடியே நிறம், அளவு, முகம் எல்லாம் முடிவாகிவிடும். இங்கே கிராஃபிக்ஸ் எவ்வளவு தத்ரூபமோ, கதைக்கு அவ்வளவு கெடுதல்.

காமிக்ஸ் என்றால் சுலபம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஏற்கெனவே காட்சி காட்சியாக வரைந்திருக்கிறார்களே, அப்படியே எடுத்தால் போதாதா? போதாது. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' (1986-87) என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸின் ஐந்தாம் இதழைப் பாருங்கள். முதல் பக்கத்தில் படக் கட்டங்கள் அடுக்கியிருக்கும் அமைப்பைக் கடைசிப் பக்கம் கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது. இரண்டாம் பக்கத்தைக் கடைசிக்கு முந்தைய பக்கம். இப்படியே வந்து நடுவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களில் போய்ச் சேர்கிறது. முன்னும் பின்னும் புரட்டினால்தான் இது பிடிபடும். அதோடு, காமிக்ஸில் ஒரு பக்கத்தின் எல்லாக் கட்டங்களும் ஒரே சமயத்தில் கண்ணில் படுகின்றன. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகர் கையில் இருக்கிறது. சினிமாவில் அதை இயக்குநரும் எடிட்டரும் முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். 2009-இல் இதைப் படமாக எடுத்த ஸாக் ஸ்னைடர் பல கட்டங்களை அச்சு அசலாகத் திரையில் கொண்டுவந்தார். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தது கட்டங்கள்தான், பக்கம் வரவில்லை.

அப்படியானால் தொடவே கூடாதா? தொடலாம், நகலெடுக்கிற ஆசையை விட்டுவிட்டு. தொடர்ச்சியான கதையே இல்லாத 'நேக்கட் லன்ச்' நாவலை 1991-இல் இயக்குநர் குரோனென்பெர்க் எடுத்தபோது, அதை எழுதிய பரோஸின் வாழ்க்கையையும் அவருடைய வேறு எழுத்துகளையும் கலந்து தனியாக ஒன்றைச் செய்தார். 2019-இல் வந்த 'வாட்ச்மென்' தொலைக்காட்சித் தொடரும் பழைய கதையைத் திரும்பச் சொல்லாமல், பல ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று போனது. எனக்கு அது ஸ்னைடரின் படத்தைவிட மூலத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் எவரும் தொட வேண்டாம் என்பேன்: ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' காமிக்ஸ். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய தன் தந்தையின் கதையை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார். சில கோடுகள் மட்டுமே உள்ள அந்த முகங்களுக்குப் பின்னால் மனிதர்களை வைத்துப் பார்ப்பது நாம்தான். அசைவும் ரோமமும் குரலும் சேர்த்துத் திரையில் விட்டால் அங்கே எலிகள்தான் இருக்கும். படமாக்கக் கேட்டு வந்தவர்களுக்கு ஸ்பீகல்மேன் இணங்கவில்லை. இனியும் இணங்கக் கூடாது என்பதே என் விருப்பம்.